உன் உணவும் என் ஆகாரமும்

ஏட்டி,

இன்று சாயங்காலம் உன் கல்லறைக்குக் கிளம்பும்போது லைட்டர் தேடி கார் டேஷ்போர்டு டப்பாவைத் திறந்தேன். குப்பென்று மெழுகு வாசனை. பாதி எரிந்த வெள்ளை மெழுகுவர்த்தி ஒன்று வெயிலில் உருகி, ரோடு மேப்போடு ஒட்டிக் கிடந்தது. அது அங்கே எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்த மடல். செத்தவர்களோடு பேசக்கூடாது என்பது எங்கள் பக்கத்துப் போதனை, அது உனக்கும் தெரியும். பேசாமல் இருந்தால் எனக்கு மண்டை வெடித்துவிடும், அதனால் பேசுகிறேன்.

இதே காரில், இந்த நாட்டுக்கு வந்து இடதுபக்க ஸ்டியரிங்குக்கு நான் பழகிய நாளிலிருந்து, பக்கத்து சீட்டில் நீ. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து நம் மருந்துக் கம்பெனிக்கு ரூட் ஒன் ஹைவேயில் ஊர்ந்து ஊர்ந்து போவோம். உனக்கு அங்கே லேப், எனக்குக் கம்ப்யூட்டர். வழியில் அந்தப் பெரிய கல்லறைத் தோட்டம் வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்திச் சிலுவை போட்டு, உதட்டுக்குள்ளேயே ஒரு ஜெபம் சொல்வாய். மோட்சத்துக்கு முன்னால் பாவம் கழிக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடக்கிற ஆத்துமாக்கள் சீக்கிரம் மோட்சம் சேர வேண்டுமாம். முன்பின் தெரியாதவர்களுக்கு எதற்கு இதெல்லாம் என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரிஞ்சவங்களுக்கு அவங்க பிள்ளைக இருக்கும்லா. தெரியாதவங்களுக்கு யாரு இருக்கா, சொல்லு" என்றாய்.

மாதம் ஒரு ஞாயிறு எடிசனில், வாடகைக்கு எடுத்த ஒரு சர்ச்சின் பேஸ்மென்ட்டில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கூடுவோமே. உங்களைப் போல ஆர்.சி. குடும்பங்கள் கொஞ்சம், எங்களைப் போல புராட்டஸ்டண்ட் குடும்பங்கள் கொஞ்சம். தனித்தனியாகக் கூட ஆள் போதாது, அதனால் ஒன்றாக இருந்தோம். பாட்டு ஒன்றாகப் போகும், பிரியாணி ஒன்றாகப் போகும். கர்த்தர் கற்பித்த ஜெபம் வந்ததும் வண்டி குடைசாயும். நீங்கள் 'தந்தையே' என்பீர்கள், நாங்கள் 'பிதாவே' என்போம். நீங்கள் உணவு கேட்பீர்கள், நாங்கள் ஆகாரம் கேட்போம். நீங்கள் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்த பிறகும் நாங்கள் ராஜ்யமும் வல்லமையும் என்று போய்க்கொண்டே இருப்போம். பின்வரிசையில் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

"சோறு ஒண்ணுதானட்டி" என்பாய் என் காதில். "ஆனா ஆமென் சொன்ன பொறவும் வாய மூடாத ஆளுக நீங்க மட்டுந்தான்."

நம் மகள்கள் இரண்டும் ஒரே வகுப்பில் இருந்த வருஷம், என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஐரோப்பிய மறுமலர்ச்சி பற்றிப் போஸ்டர் ஒட்டினார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு பக்கம் ரோமாபுரிக் கோயில், அதனுள்ளே செத்த மகனை மடியில் கிடத்தியிருக்கிற வியாகுல மாதாவின் பளிங்குச் சிலை. மறுபக்கம் எங்கள் புராட்டஸ்டண்ட் வழியைத் தொடங்கிய அந்த ஜெர்மனிச் சாமியார், கோயில் கதவில் கண்டனத் தாளை ஆணியடிக்கிற சுத்தியலோடு. ரோமில் அந்தக் கோயிலைக் கட்டக் காசு வேண்டியிருந்தது, அதற்குப் பாவமன்னிப்புச் சீட்டு விற்றார்கள். சீட்டு வாங்கினால் செத்துப்போன அப்பன் ஆத்தா உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து சீக்கிரம் விடுதலையாவார்கள் என்று ஆசை காட்டினார்கள். அது அநியாயம் என்றுதான் சாமியார் எழுந்தார். எழுந்தவர் ஐரோப்பாவையே இரண்டாகப் பிளந்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

கீழே சூரியனும் பூமியும் ஒட்டியபோது நீ சும்மா இருந்தாயா? பூமிதான் சுற்றுகிறது என்று எழுதினவர் எங்கள் கோயில் ஆள் என்று மார்தட்டினாய். அந்தப் புத்தகத்தைத் தடை செய்ததும் உங்கள் கோயில்தான் என்றேன். உங்கள் சாமியார் மட்டும் அவரைக் கொஞ்சினாராக்கும் என்று திருப்பினாய். பிள்ளைகள் கத்தரிக்கோலை வைத்துவிட்டு நம்மையே பார்த்தார்கள். உன் மகள்தான் கேட்டாள்: "ஸோ அம்மா, விச் சைட் வேர் வீ ஆன்?"

நீ சிரித்த சிரிப்பில் பசை டப்பா கவிழ்ந்தது. "நாங்க தூத்துக்குடிக் கடல்ல முத்துக் குளிச்சிட்டிருந்தோம். உங்க ஆன்ட்டி ஆளுக பனையேறிட்டிருந்தாங்க. எங்களைக் கேட்டா சண்டை போட்டாங்க?"

அதுதான் உண்மை. அங்கே சண்டை சூடாக இருந்த காலத்திலேயே போர்த்துகீசியர் உங்கள் கரைக்கு வந்து ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். எங்களுக்கு ஜெர்மன்காரரும் வெள்ளைக்காரரும் வர இன்னும் எத்தனையோ தலைமுறை ஆயிற்று. வந்தவர்கள் வேதத்தைத் தந்தார்கள், பள்ளிக்கூடம் தந்தார்கள், கூடவே அவர்கள் ஊர்ச் சண்டையையும் மூட்டை கட்டித் தந்துவிட்டுப் போனார்கள். அப்பன் வெட்டின கிணறு என்பதற்காக உப்புத்தண்ணீர் குடிப்பாயா என்று கேட்பார்கள். இது நம் அப்பன் வெட்டின கிணறுகூட இல்லையே, ஏட்டி.

தொண்ணூற்றொன்பது கடைசியில் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. மனுஷனுக்கு மீட்பு எப்படிக் கிடைக்கிறது என்ற அந்த மூலச் சண்டையில் இனி நமக்குள் அடிப்படை வேறுபாடு இல்லை என்று ரோமும் அந்தச் சாமியார் வழிவந்த சபைகளும் ஜெர்மனியில் கையெழுத்துப் போட்டார்களாம். கீமோ முடிந்து தலையில் ஸ்கார்ஃப் கட்டிப் படுத்திருந்த நீ அதை வெட்டி வைக்கச் சொன்னாய். அடுத்த கூட்டத்தில், அதைப் பொறுப்பெடுத்து நடத்துகிற எங்கள் புராட்டஸ்டண்ட் பக்கத்துச் செக்ரட்டரி அங்கிளிடம் நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார். "அது அவங்க போட்ட கையெழுத்தும்மா, நாம போடலையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சண்டைக்குச் சொந்தக்காரனே சமாதானம் ஆகிவிட்டான். வேடிக்கை பார்க்க வந்தவன் இன்னும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

சாகுமுன் நீ கேட்டது இரண்டே இரண்டு. அடக்கத்தில் எல்லாரும் சேர்ந்து தமிழில் அந்த ஜெபத்தைச் சொல்ல வேண்டும். செத்தவர்களை நினைக்கிற கல்லறைத் திருநாளுக்கு, நவம்பர் இரண்டில், உனக்கு ஒரு மெழுகுவர்த்தி எரிய வேண்டும்.

முதலாவதைக் கெடுத்தார்கள். செத்தவர்களுக்காக ஜெபிக்க மாட்டோம், குடும்பத்தின் ஆறுதலுக்கு வேண்டுமானால் சொல்கிறோம் என்று அங்கிள் முன்னாடியே நிபந்தனை போட்டார். குழிக்கு அந்தப் பக்கம் உங்கள் ஆட்கள், இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள். உன் பெட்டிக்கு மேலே 'தந்தையே' என்று ஒரு கூட்டம் சத்தத்தை ஏற்ற, 'பிதாவே' என்று இன்னொரு கூட்டம் அதைவிட ஏற்றியது. ஒருத்தர் சத்தத்தை ஒருத்தர் அமுக்கப் பார்த்தார்கள். நடுவில் உன் மகள் தலை குனிந்து நின்றாள். தமிழ் தெரியாத உங்கள் பங்குச் சாமியார் முடிந்ததும் என் கையைப் பிடித்து, ஒரு பக்கம் பாட மறுபக்கம் பதில் பாடுகிற உங்கள் தமிழ் வழக்கம் எவ்வளவு அழகு என்றார். எனக்கு அழுவதா, அறைவதா தெரியவில்லை.

இரண்டாவதையாவது காப்பாற்றலாம் என்று போன வருஷம் இதே நாளில் உனக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அடுத்த கூட்டத்தில் டீ குடிக்கும்போது அங்கிள் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. செத்தவங்களுக்கு விளக்கு ஏத்துறது நம்ம விசுவாசம் இல்ல. நீ சண்டே ஸ்கூல் டீச்சர், பிள்ளைங்க பாக்குது."

அதோடு ஞாயிறு வகுப்பை என்னிடமிருந்து எடுத்து வேறொருத்திக்குக் கொடுத்தார். வகுப்பு நோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டேன். உன் பெயரை அந்த டீ மேஜையில் இழுக்க மனம் வரவில்லை.

இந்தக் கோடையில் உன் வீட்டுக்காரருக்கு இங்கே வேலை போய், சான் ஹோசேயில் கிடைத்தது. மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நீ மட்டும் இங்கே.

பிறகு செப்டம்பர் வந்தது, இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. காலையில் எடிசன் ஸ்டேஷனில் ரயில் ஏறி மன்ஹாட்டன் போனவர்களில் சிலர் திரும்பவில்லை. அவர்கள் விட்டுப்போன கார்கள் பார்க்கிங்கில் அப்படியே நின்றன. அந்த வாரம் ஊரே மெழுகுவர்த்தியோடு தெருவுக்கு வந்தது. நானும் ஒன்றை ஏற்றிக்கொண்டு போனேன். கூட்டத்தில் பேப்பர் கப்பில் மெழுகுவர்த்தி பிடித்து, கண் மூடி, உதடு அசைய ஒருவர் நின்றார். செக்ரட்டரி அங்கிள்.

பக்கத்தில் போய், யாருக்கு அங்கிள் ஏற்றியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் கண் கலங்கியிருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும்.

"யாருன்னு தெரியாதும்மா. எல்லாருக்கும்தான்" என்றார். சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். "இது வெறும் மெமோரியல், நினைவஞ்சலிம்மா, அது வேற" என்று அவசரமாகச் சேர்த்தார்.

அந்த மெழுகுவர்த்தி நியாயம்தான், ஏட்டி. நீயும் ஏற்றியிருப்பாய், எனக்கு முன்னாலேயே. ஆனால் முகம் தெரியாதவர்களுக்கு விசுவாசம் வழிவிடுகிறது, பத்து வருஷம் ஒரே பந்தியில் அவரோடு பிரியாணி சாப்பிட்ட உனக்கு மட்டும் வழி அடைத்துக்கொள்கிறது என்றால், அது என்ன விசுவாசம்? என் கையிலிருந்ததை ஊதி அணைத்துக் காரில் போட்டுவிட்டு வீடு வந்தேன். அதுதான் டப்பாவில் கிடந்தது.

நேற்று உன் மகள் போன் செய்தாள். "ஆன்ட்டி, கேன் யூ லைட் ஒன் ஃப்ரம் மீ டூ?" என்றாள். அதனால் இன்று இரண்டு. ஒன்று புதிது, ஒன்று மேப்பிலிருந்து பிய்த்தெடுத்த அந்தப் பாதி. காற்று இரண்டு தரம் அணைத்தது. மேல்கோட்டை விரித்து மறைத்து மறுபடியும் ஏற்றினேன். ஜெபத்தை உன் வார்த்தையில் ஆரம்பித்தேன். தந்தையே என்றேன், உணவு என்றேன். நாக்கு பழக்கத்தில் ஆகாரம் என்றும் சேர்த்துக்கொண்டது. இருக்கட்டும், சோறு ஒன்றுதானே.

உன் ஜெபம் முடிகிற இடத்தில் ஆமென் சொன்னேன். நீ எப்போதோ சொல்லி முடித்துவிட்டாய். ஆமென் சொன்ன பிறகும் வாய் மூடாத ஆள் நான், இன்னும் சொல்லிக்கொண்டே நிற்கிறேன்.