குழாயடிக் கல்லுக்கு நான் போடாத கையெழுத்து

அக்கா,

இன்று காலை குழாயடியில் கற்பூரம் கொளுத்தினார்கள். அந்த வாசனை ஏறியதும் உன் முகம்தான் வந்தது. பூஜை யாருக்குத் தெரியுமா? போன மாதம் இறந்துபோன நம் சுரங்கத்துச் சுகாதார போர்டு மெம்பருக்கு, அவர் கொண்டுவந்த குழாய்க்குப் பக்கத்திலேயே பெயர்க்கல் நடப் போகிறார்கள். உனக்குத் தாலி கட்டிக் கைவிட்ட அதே மனிதருக்கு.

அப்போது அவர் மெம்பர் இல்லை. ஆற்காட்டுப் பக்கமிருந்து ஆள் கூட்டி வந்து சுரங்கத்தில் இறக்குகிற மேஸ்திரி. மாரியம்மன் கோயிலில் அவர் ஊருக்குத் தெரியாமல் உனக்குத் தாலி கட்டியபோது கூட இருந்தது பூசாரியும் நானும்தான். பூசாரி சில மாதத்திலேயே இறந்துபோனார்; மிஞ்சிய சாட்சி நான் ஒருத்திதான். நீ முழுகாமல் இருந்தபோது, கோலாரில் ஒரு கடைக்காரர் மகளை அவருக்குப் பேசி முடித்தார்கள். நீ பஞ்சாயத்தைக் கூட்டினாய். அவர் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, உன்னைத் தொட்டதே இல்லை என்று சத்தியம் செய்தார். கற்பூரம் அணைத்தவனை அப்புறம் யாரும் கேள்வி கேட்பதில்லை, சாட்சி இருந்தாலொழிய. நீ என் பக்கம் திரும்பினாய்.

"நீ பாத்தியேடி. சொல்லு."

என் வீட்டுக்காரருக்கு அவரிடம்தான் வேலை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ ஊருக்குப் போனாய். பிரசவத்தில் தாயும் பிள்ளையும் போன சேதி மட்டும் திரும்பி வந்தது.

அவர் செய்த நல்லதை நான் மறைக்கவில்லை, அக்கா. சுரங்கத்து வெள்ளைக்காரத் துரைகள் முன்னால் நின்று வாதாடித்தான் இந்தக் குழாயை வாங்கினார். அதற்கு முன் என் மூத்தவளை வாந்திபேதிக்குக் கொடுத்தேன். குழாய் வந்தபின் பிறந்த இரண்டும் ஓடி விளையாடுகின்றன. அம்மனுக்கு வைப்பதும் அந்தத் தண்ணீர்தான். ஆனால் வரவு பெரிதாக வந்தது என்று செலவுப் பக்கத்தைக் கிழித்துப்போட எனக்குத் தெரியாது.

பூஜை முடிந்ததும் இப்போதைய மேஸ்திரி ஒரு காகிதத்தை நீட்டினார். கல்லில் வெட்டப்போகிற வாசகம். தண்ணீர் தந்த வள்ளல் என்று இருந்தது, சரி. அதன் கீழே, அப்பழுக்கற்ற ஒழுக்கசீலர். எங்கள் கூலி லைன் வீட்டுப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. என் கையெழுத்து விழுந்தால் மற்றவர்கள் வரிசையாகக் கைநாட்டு வைப்பார்கள்.

அந்தச் சொல்லை எடுக்கச் சொன்னேன். அவர் சிரித்தார். "செத்தவர் மேல இன்னாம்மா கோவம்? அவரு தண்ணியத்தானே குடிக்கிறே?"

"குடிக்கிறேன். தண்ணி குடுத்தாருன்னு மட்டும் எழுதுங்க, மொத கையெழுத்து என்னுது. ஒழுக்கம்னு எழுதாதீங்க. அவரு எங்க அக்காவுக்குத் தாலி கட்டினத நான் பாத்தேன்."

"இத்தினி வருஷம் எங்க போயிருந்துச்சு இந்த வாயி?"

"பயந்துகினு இருந்துச்சு."

குடம் வைத்திருந்த பெண்களில் ஒருத்தியும் கட்டைவிரலை நீட்டவில்லை. அவர் காகிதத்தை மடித்துக்கொண்டு போனார். என் வீட்டுக்காரருக்கு நாளை ஷிப்ட் கிடைக்குமோ கிடைக்காதோ. கல் அந்தச் சொல்லோடேகூட வரலாம். வந்தால், தண்ணீர் பிடிக்க வருகிற ஒவ்வொருத்திக்கும் அதை வாசித்துக் காட்டி, பொய் என்று சொல்வேன்.

உனக்காகப் பேசிவிட்டேன் என்று மார் தட்ட மாட்டேன். அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ ஊருக்குப் போயிருக்க மாட்டாய். அவருடைய பாவத்தை மறைக்க விடாதவள், என்னுடையதை மட்டும் மன்னித்துவிடு என்று எந்த முகத்தோடு அம்மனிடம் கேட்பேன்? கேட்கவில்லை. சுமந்துகொண்டுதான் நிற்கிறேன், அக்கா. ஆனால் இப்போது நிமிர்ந்து நிற்கிறேன்.