படுக்க வைத்த ஏழாம் பெட்டி

அன்புள்ள பாய்,

எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். கோடு நேராக இருந்தாலும் என் எழுத்து மேடேறிப் பள்ளம் இறங்குகிறது. இந்த வயதில் மாலை வகுப்புக்குப் போய்ப் பேனா பிடித்த கை. ஒரு வரி முடிப்பதற்குள் வாயிலிருக்கும் வெற்றிலை கரைந்துவிடுகிறது. ஆனாலும் எழுதுகிறேனே பாய், உங்கள் சடையன்!

இன்று காலை உங்கள் ஏழாம் பெட்டியைத் திறந்தேன். அரக்கு வாசனை முகத்தில் அடித்தது. கிராமபோன் பாட்டுத் தட்டை முதன்முதலில் கையில் வாங்கியபோது நான் அதை மோந்து பார்த்தது நினைவிருக்கிறதா? "இது எங்க மலையில எடுக்கிற அரக்குங்க" என்றேன். "அப்ப உங்க மரந்தான் பாடுதுன்னு சொல்லு" என்றீர்கள்.

பாப்பிரெட்டிப்பட்டியில் உங்கள் வாடகை வீட்டு மச்சு அந்தத் தட்டுகளின் கனத்தில் தொய்ந்துபோனது. "ஒண்ணு தட்டு போகணும், இல்லாட்டி நீங்க போகணும்" என்றார் வீட்டுக்காரர். ஒன்பது பெட்டி. பழைய சாமான்காரனுக்குப் போட உங்களுக்கு மனசில்லை. எங்கள் சித்தேரி மலைக்குப் புளி ஏற்றப் போன வெறும் லாரியில் அவற்றை என் வீட்டுக்கு ஏற்றினோம்.

"சடையா, நிக்க வெச்சே கொண்டு போகணும். படுக்க வெச்சா ஒண்ணுமேல ஒண்ணு உக்காந்து நொறுங்கிரும்" என்றீர்கள். நீங்கள் பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் டிரைவர் பக்கத்தில். நான் பின்னால்.

இரண்டாவது வளைவில் ஏழாம் பெட்டி சாயப் பார்த்தது. மலைக்காரன் சாயும் சுமையைப் படுக்க வைத்துக் கட்டித்தான் பழக்கம். சாமை மூட்டையோ விறகோ, எதுவானாலும். கை தானாக அதைப் படுக்க வைத்தது. அடுத்த குழியில் உள்ளே நொறுங்கும் சத்தம்.

"எல்லாம் பத்திரமா இருக்குதாடா?" என்று முன்னாலிருந்து குரல் கொடுத்தீர்கள்.

"பத்திரமுங்க பாய்."

அந்த ஒரு பொய்யோடு அதைப் பரணின் மூலையில் தள்ளினேன். அப்புறம் திறக்கவே இல்லை.

மாதம் ஒருமுறை பஸ் ஏறி வருவீர்கள், பாட்டுக் கேட்க. "ஏழாவது பெட்டிய எடேன்" என்பீர்கள்.

"அதுல கரையான் மருந்து போட்டிருக்குதுங்க."

"எப்பப் பார்த்தாலும் அதுக்கு மட்டுந்தான் மருந்தா? அந்தப் பெட்டிக்கு என்னடா அப்பிடியொரு சீக்கு?"

சிரித்துக்கொண்டே வேறு பெட்டி கேட்பீர்கள். எனக்குச் சிரிப்பு வராது. பிறகு ஏனோ அதைக் கேட்பதையே விட்டுவிட்டீர்கள். போன கோடையில் நீங்களும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். பயம் மட்டும் போகவில்லை.

போன வாரம் கடத்தூரிலிருந்து உங்கள் மகள் வந்தாள். "அத்தா பெட்டி ஒம்பதும் எங்கூட்டுக்கு வேணுங்க மாமா. அதுங்கள பாத்தா அத்தாவப் பாத்தாப்ல இருக்கும்" என்றாள். எல்லாப் பாட்டின் பெயரும் மனப்பாடமாகத் தெரிந்த பெண். ஏழாம் பெட்டியில் எது மிஞ்சியிருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

அதனால்தான் இன்று திறந்தேன். மூடியின் உள்பக்கம் உங்கள் கையெழுத்தில் பாட்டு வரிசை. முன்பு எனக்கு அது வெறும் எறும்பு வரிசை. இன்று விரல் வைத்து வைத்துப் படித்தேன். பாதிக்கு மேல் பென்சிலால் அடித்திருந்தது. கீழே ஒரு வரி: "இவ்வளவும் போச்சு. சடையனிடம் கேட்க வேண்டாம்."

நான் சாமை அறுக்கப் போயிருந்த ஏதோ ஒரு நாள் திறந்திருக்கிறீர்கள். எனக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில், என் வீட்டிலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள். மாலை வகுப்பில் எழுத்துக் கற்றதற்கு இன்றைக்குத்தான் அழுதேன். சந்தோஷப்பட்டதும் அதற்குத்தான்.

மகளிடம் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் பயம் இப்போது வேறு. நாளைக் காலை லாரி வருகிறது. அதே வளைவுகள், மழையில் குழி இன்னும் பெரிதாகியிருக்கிறது. எட்டுப் பெட்டியிலும் கரிக்கட்டியால் "நிக்க வைக்கவும்" என்று எழுதியிருக்கிறேன். டிரைவர் படித்துவிட்டு, "பெருசு, இத யாருங்க எழுதுனது?" என்று கேட்கட்டும்.

ஏழாம் பெட்டியை லாரித் தளத்தில் வைக்கமாட்டேன். உடைந்த துண்டுகளோடு என் மடியில், நிற்க வைத்து, கடத்தூர் வரை. எட்டும் முழுசாக இறங்கினவா என்று உங்களுக்கு அடுத்த வாரம் எழுதுகிறேன். அப்போதும் கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சடையன்