செங்கல் சுமந்தவளின் முதுகு

1955 ஜனவரி 10

பால் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் பட்டறை அடுப்பு அணைந்துவிட்டது. களிமண் உறைந்து, சிலையின் குதிகால் வெடித்திருக்கிறது. ஈரத்துணியைப் பிரித்து, வெந்நீர் ஒற்றி, மறுபடி பூசினேன். விரல்கள் மரத்துப்போயின.

மாலையில் சைமி அக்கா சிலைக்காக வந்து நின்றாள். முதுகில் மரச்சட்டம், அதில் செங்கல் அடுக்கு. பாதி வாழ்க்கை சித்தாளாக இருந்தவள்.

"அப்பவாவது சுமந்துக்கிட்டு நடப்போம். நீ சுமந்துக்கிட்டு அசையாம நில்லுங்கற. அந்தக் கொத்தனாருங்களே தேவலாம்டி."

ஜனவரி 13

நினைவுச்சின்னக் குழு வந்தது. மூன்று பேர்: தலைவர் இரும்புக்கடை கௌப்பினென், பள்ளி ஆசிரியர் துர்த்தோலா, கொத்தனார் சங்கத்து ரோய்ஹா. நகரைக் கட்டியவர்களுக்குச் சதுக்கத்தில் சிலை வைக்க என்னைத் தேர்ந்தெடுத்தவர்கள் இவர்கள்தான். சாண் உயர மாதிரியில் குனிந்த முதுகு அழகாக இருந்ததாம். ஆள் உயரத்தில் உறுத்துகிறதாம்.

"ஏம்மா இர்யா, இவ்வளவு குனியணுமா?" என்றார் கௌப்பினென். "சுமையை இறக்கி வச்சிட்டு நிமிர்ந்து நிக்கட்டும். கையில ஒரு புள்ளையப் புடிச்சுக்கட்டும். ஊருக்கே நம்பிக்கையா இருக்கும்."

"புள்ளைய இழுத்துக்கிட்டு சாரத்துல ஏறியிருந்தா, மேஸ்திரி என்னை ஆத்துல தள்ளியிருப்பான்" என்றாள் சைமி அக்கா.

யாரும் சிரிக்கவில்லை. கூட்டம் போட்டு முடிவு சொல்வார்களாம்.

ஜனவரி 16

முடிவாகிவிட்டது. நிமிர்த்த வேண்டும். பிள்ளை வேண்டும்.

ரோய்ஹா வந்து வாசலில் நின்றபடியே சொன்னார். எப்போது கூட்டம் நடந்தது? நேற்று. எங்கே? ஆற்றங்கரைப் பொது சவுனாவில். ஆண்கள் குளிக்கும் நேரத்தில்! ஆவிக்குளியலில் அம்மணமாக உட்கார்ந்து என் சிலையைத் தீர்த்திருக்கிறார்கள்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லத்தான் பார்த்தேன். கௌப்பினென் சூடான கல்லு மேல தண்ணிய ஊத்திக்கிட்டே இருக்கான். காது வெந்துபோச்சும்மா. மேல் படியிலேருந்து இறங்கிட்டேன்."

சவுனாவில் மேலே போகப் போகச் சூடு அதிகம்; தாங்காமல் இறங்கியவன் தோற்றவன். இந்த ஊர்ப் பாலம், பள்ளிக்கூடம், தொழிலாளர் குடியிருப்பு எல்லாம் இப்படித்தான் முடிவாயின. அந்த மேல் படியில் ஒரு பொம்பளைக்கும் இடம் கெடையாது. செங்கல் மட்டும் அவ சுமக்கணும்!

ஜனவரி 19

நிமிர்த்த மாட்டேன்.

வேலையைத் திருப்பிக் கொடுத்தால்? வேறு யாராவது நிமிர்ந்தவளைச் செய்து வைப்பான். அதுவும் கூடாது.

ஜனவரி 22

சனிக்கிழமை. பெண்கள் முறை நான்கு மணியோடு முடிகிறது. மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். நானும் சைமி அக்காவும் மேல் படியை விட்டு நகரவில்லை. கதவை உள்ளே தாழிட்டேன்.

முன்னறையில் குழுவினர் மூவரும் வந்து துணி களையும் சத்தம். அங்கே அடுப்பு கிடையாது. வெளியே ஆறு கல்லாக உறைந்து கிடக்கிறது.

"நேரமாச்சும்மா, வெளிய வா!" கௌப்பினென் கதவைத் தட்டினார்.

"கூட்டம் இங்கதானே நடக்குது? நான் வந்தாச்சு. முதுகு குனிஞ்சபடியே இருக்கும்னு சொல்லுங்க, இறங்கறேன்."

சைமி அக்கா தண்ணீர் ஊற்றினாள். கற்கள் சீறின. எனக்கு மூச்சு முட்டியது.

அவர்கள் துணியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் சனிக்கிழமை சவுனாவை விட்டுவிட்டுப் போகும் ஆண் இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை. அதை நம்பித்தான் உட்கார்ந்திருந்தேன்.

"போலீஸக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க முதலாளி. அம்மணமாவே போயிட்டு வாங்க" என்றாள் சைமி அக்கா.

ரோய்ஹா சிரித்துவிட்டார். "என் ஓட்டு அந்த முதுகுக்குத்தான்யா. நானும் அவகிட்ட செங்கல் வாங்கி அடுக்கினவன்தானே."

கண் இருட்டிக்கொண்டு வந்தது. இறங்கிவிடலாமா? இல்லை. பலகையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

கடைசியில் துர்த்தோலா, பல் தந்தியடிக்க: "எனக்கும் சம்மதம்! கதவைத் தொற தாயி!"

மூவரில் இருவர். போதும். தவழ்ந்துதான் வெளியே வந்தேன். பனியில் முகத்தைப் புதைத்தேன்.

ஏப்ரல் 4

களிமண் முடிந்தது. நாளை பிளாஸ்டர் அச்சு. முதுகில் ஒரு விரற்கடைகூட மாற்றவில்லை.

செப்டம்பர் 18

திறப்பு விழா. திரை விழுந்தது. கௌப்பினென் உரையில் கொத்தனார்கள் வந்தார்கள், பொறியாளர்கள் வந்தார்கள், வங்கி வந்தது. செங்கல் சுமந்தவள் என்ற சொல் வரவில்லை. காபி விருந்துக்குச் சைமி அக்காவை அழைக்கவும் இல்லை. நானும் போகவில்லை. இருவரும் கடைத்தெருவில் மீன் அடை வாங்கி, சிலைக்குப் பின்னால் நின்று தின்றோம்.

"இடுப்பு சரியா வந்திருக்கு" என்றாள்.

நவம்பர் 21

முந்தாநாளிலிருந்து விடாமல் பனி. ரொட்டி வாங்கச் சதுக்கம் வழியாகப் போனேன். எதிரே குதிரை மேல் இருக்கும் தளபதி சிலையின் தலையில் முழம் உயரத்துக்குப் பனி. குதிரைக்கும் அப்படியே.

செங்கல் சுமந்தவளின் சுமைமேல் ஒரு பொட்டுப் பனி இல்லை. செங்கல் அடுக்கு, தோள், குனிந்த முதுகு எல்லாம் துடைத்துச் சுத்தமாக இருந்தன. பீடத்தைச் சுற்றி நிறையக் காலடிகள். எல்லாம் பெண்கள் போடும் சிறிய அளவுப் பூட்ஸ் தடங்கள்.