பெண்டுகளுக்கு ஆகாத சீமை

சிவமயம்

அரிமளம்
13-3-1961

சிரஞ்சீவி தேனப்பனுக்கும் சௌபாக்கியவதி முத்தாளுக்கும் ஆத்தா ஆவுடையாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே அப்பச்சி, நான், உன் தங்கை சாலா, போன வாரம் கன்று போட்ட காரிப்பசு எல்லாரும் சுகம். ஈப்போவில் உங்கள் உடம்பும் பேரனின் சளியும் எப்படி இருக்கின்றன என்று எழுதவும். வழக்கம்போல நான் சொல்லச் சொல்ல சாலாதான் எழுதுகிறாள். ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து நான் "சொன்னாக" என்றால் இவள் "சொன்னார்கள்" என்று எழுதிவிட்டு, அச்சுப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்கிறாள். ஆகையால் கடிதம் பாடப் புத்தகம் மாதிரி இருந்தால் பயந்துவிடாதே, பேசுவது உன் ஆத்தாதான்.

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அப்பச்சி உழைத்தது போதும், இனி உள்ள காலத்தை இருவரும் இங்கே வந்து எங்களோடு கழியுங்கள், சாலாவையும் இங்கேயே பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று எழுதியிருந்தாய். சாயங்காலமானால் மழை, தெருக்கோடியில் ஆஸ்பத்திரி, வீட்டுக்குள்ளேயே குழாய்த் தண்ணீர், காய்கனியெல்லாம் கொள்ளை மலிவு என்பதையெல்லாம் சாலா எங்கள் இருவருக்கும் உரக்கப் படித்தாள். அப்பச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். படித்து முடித்ததும், "நல்லாத்தான் எழுதியிருக்கான். ஆனா ஒங்க ஆத்தாளுக்கு அங்க ஒத்துக்கிடாது. அது பெண்டுகளுக்கு ஆகாத சீமை" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்கள். அதோடு விட்டார்களா, மறுநாள் நம் பங்காளி சோலையப்பன் வந்தபோது, "எனக்கென்னப்பா, நாளைக்கே கப்பலேறிருவேன். இவதான் இங்கிட்டு அங்கிட்டு அசையமாட்டேங்கிறா" என்று என் தலையில் போட்டார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் மோர் கலக்கிக்கொண்டு அங்கேயேதான் நின்றேன்.

உனக்குத் தெரியாததா, எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து உன் அப்பச்சி மூன்று வருஷம் அங்கே, சில மாதம் இங்கே என்றுதான் இருந்தார்கள். ஒவ்வொரு தரம் வரும்போதும் அந்த ஊர் எப்படி இருக்கும் என்று கேட்பேன். அட்டை காலில் ஏறும், தண்ணீர் துருவாடை அடிக்கும், மழையில் கட்டின சேலைகூடப் பூஞ்சணம் பிடிக்கும், ரப்பர் தோட்டத்து ஓரமாகப் புலி வரும் என்பார்கள். நானும் நம்பி, ஐயோ பாவம் என்று அவர்கள் பெட்டியில் பொடியும் எண்ணெயுமாக அடைத்து அனுப்புவேன். ஜப்பான்காரன் காலத்தில் கடிதமே வராமல் போன வருஷங்களில் அந்த அட்டைகளும் புலியும்தான் என் கண்முன்னால் நின்றன. இப்போது முத்தாள் என்னடாவென்றால் பக்கத்து வீட்டம்மாளோடு சினிமாவுக்குப் போனேன் என்று எழுதுகிறாள். போட்டோவில் கன்னம் பூரித்து, கையில் ரம்புத்தான் பழத் தட்டோடு நிற்கிறாள். அதை அப்பச்சியிடம் காட்டி, "அட்டையெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டேன். "அது அந்தக் காலம்" என்றார்கள். "அப்ப புலி?" என்று சாலா கேட்டாள். "புலி இருந்துச்சு. நான் பார்க்கல" என்றார்கள்.

தேனப்பா, உன்னிடம் சொல்வதற்கு எனக்கென்ன, எனக்கு வர ஆசையாக இருக்கிறது. குழாய்த் தண்ணீருக்கும் பழத்துக்கும் இல்லை. அவர்கள் ஆயுசில் பாதிக்குமேல் அந்த ஊரில் கழிந்தது. எந்தத் தெருவில் நடந்தார்கள், எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள், எந்த ஜன்னலில் வெளிச்சம் வந்தது, ஒன்றும் எனக்குத் தெரியாது. சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு சில சமயம் தானாகச் சிரிக்கிறார்கள். அப்போது எங்கே போயிருக்கிறார்கள் என்று தெரியாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறேன். சாலா அவளுடைய அட்லஸைக் கொண்டுவந்து காட்டினாள். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் நடுவில் கடல் என் ஒரு விரல் அளவுதான் இருக்கிறது.

இதை அப்பச்சியிடமும் சொல்லிவிட்டேன். "கடைக் கிட்டங்கியில மத்த ஆளுகளோட வரிசையாப் பாய விரிச்சு, பெட்டிய தலைமாட்டுல வச்சுப் படுத்தவன் நான். இப்பத்தான் என் வீட்டுல என் கட்டில்ல படுக்குறேன். மறுபடியும் கப்பலேறச் சொல்றியா?" என்றார்கள். கடைசியாக வந்திறங்கிய அன்று அவர்கள் தம் மலாய்க் குடையை வாசல் நிலைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டி, "இனி ஒனக்கு வேல இல்ல" என்று அதனிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. அதை யாரையும் தொட விடுவதில்லை. ஒரு மழை நாளில் சாலா பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனதற்கே வீடு இரண்டுபட்டது. ஆனாலும் மனசு கேட்காமல், "ஒங்க வீடு ஒங்களுக்கு வந்துருச்சு. நீங்க இருந்த ஊரு எனக்கு இன்னும் வரலையே" என்று சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம் இரண்டு பேருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பேசாமல் இருந்தால் ஆகாது என்று போன வெள்ளிக்கிழமை பரணிலிருந்து அவர்களுடைய பெரிய டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்தேன். சாலாவும் நானும் மட்டும் போய்ப் பேரனைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டே கம்பளி, பித்தளை இட்டிலிக் கொப்பரை, வற்றல், மாவடுச் சாடி எல்லாம் அடுக்கினேன். அப்பச்சி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் கம்பளியை வெளியே எடுத்து, "இத அங்க போத்துனா வெந்துபோவ" என்றார்கள். கொப்பரையை எடுத்து, "மருமக வீட்டுல அடுப்பு இல்லையாக்கும்?" என்றார்கள். சாடியை எடுத்து, "கப்பல் ஆடுறப்ப இது ஒடைஞ்சு பெட்டியெல்லாம் மாவடு நாறும்" என்றார்கள். இப்படிப் பெட்டி பாதி காலியான பிறகு, தாமாகவே, ஈப்போவில் தாம் வேலை பார்த்துத் தங்கியிருந்த கிட்டங்கிக்குப் பின்னால் ஒரு பெரிய மரம் உண்டு, சாயங்கால மழைக்கு அதற்கடியில் நின்றுதான் நம் வீட்டுக் கடிதங்களைப் படிப்பேன் என்று சொன்னார்கள். ஏன் இத்தனை நாளாகச் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஊரு நல்லாருக்குன்னு சொன்னா நீ இங்க கெடந்து ஏங்கியிருப்ப. அட்டைன்னு சொன்னா நிம்மதியா இருப்பன்னு நெனச்சேன்" என்றார்கள். அட்டைக்கும் புலிக்கும் நடுவில் நான் எவ்வளவு நிம்மதியாக இருந்தேன் என்பதை இன்னொரு நாள் அவர்களிடம் சொல்ல வேண்டும்.

(அண்ணா, இது சாலா எழுதுவது. ஆத்தா அனுமதி கொடுத்திருக்கிறார்கள். இன்று காலை பள்ளிக்குக் கிளம்பும்போது நிலைக்குப் பக்கத்து ஆணி வெறுமையாக இருந்ததைப் பார்த்தேன். குடை தொங்கிய இடத்தில் மட்டும் சுவர் வெளுப்பாக, குடை வடிவிலேயே இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் ஆத்தாவின் சேலைகளுக்கு அடியில் அது மூலைக்கு மூலை குறுக்காகப் படுத்திருக்கிறது. அந்த ஊர் நூலகத்தில் பெண் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுப்பார்களா என்று எழுதவும்.)

சாலா கூப்பிட்டுக் காட்டிய பிறகு நானும் பார்த்தேன். அப்பச்சியிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் எடுத்துத் திரும்பவும் மாட்டிவிடுவார்கள். மூன்று பேருக்கும் சேர்த்தே நீ பெர்மிட்டுக்கு எழுதிப் போடு. சோலையப்பனிடம் மட்டும் இப்போதைக்கு மூச்சு விடாதே, ஊர் முழுக்கத் தமுக்கடித்துவிடுவான். பேரனுக்குக் கற்பூரவல்லிச் சாறும் தேனும் கொடுக்கச் சொல், தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் சாம்பிராணிப் புகை காட்டாமல் விடவேண்டாம். முத்தாள் சமையலில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் நீ வாய் திறக்காமல் சாப்பிடு, அவள் கைக்குழந்தைக்காரி. நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நிறைந்து இருக்க மீனாட்சி சொக்கநாதரை வேண்டிக்கொள்கிறேன். கப்பல் தேதி தெரிந்ததும் எழுதுகிறோம். பினாங்குத் துறைமுகத்துக்கு வரும்போது மழையாக இருந்தாலும் எங்களுக்கென்று குடை கொண்டுவர வேண்டாம்.

இப்படிக்கு
உன் ஆத்தா
ஆவுடையாள்
(எழுத்து: சாலா)