குமிழுக்குப் பின்னால்

மார்ச் 3, செவ்வாய்

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இந்த வீட்டில் நான் பேச ஆரம்பித்தால் எல்லாருக்கும் உடனே வேறு வேலை வந்துவிடுகிறது. இனி எழுதுகிறேன். காகிதம் எழுந்து போகாது.

மைத்துனன் ஒரு படக்கதைத் தொடர் போடுகிறான். பெயர் ‘சொட்டு’. ஊருக்கு வரும் குடிநீரில் ஒருவன் கொஞ்சம் கொஞ்சமாக நஞ்சு கலக்கிறான், ஆட்கள் சாகிறார்கள், ஏன் சாகிறோம் என்று சாகிறவர்களுக்கே தெரியவில்லை. இதற்காக விளம்பர நிறுவன வேலையை உதறிவிட்டு எங்கள் மாடி அறையில் வந்து உட்கார்ந்திருக்கிறான். முதல் இதழ் ஓடினால்தான் இரண்டாவது. வம்பு எதுவும் வந்தால் அன்றோடு சரி என்று பதிப்பாளர் சொல்லிவிட்டாராம். தம்பிக்காக என் மனைவி வேண்டாத தெய்வமில்லை.

நஞ்சு கலக்கிறவனுக்கு எங்கே உத்தியோகம்? நீர்ப் பரிசோதனைக் கூடத்தில். எனக்கு எங்கே உத்தியோகம்?

அதே.

மார்ச் 5, வியாழன்

போன வருஷம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் கேள்வி கேட்டுக் குடைந்தான். “அத்தான், தண்ணியில குளோரின் இருந்தா என்ன கலர் ஆகும்?” சோதனை மருந்து விட்டால் ரோஸ். “பாட்டில எங்க கழுவுவீங்க? அங்க நின்னா பின்னாடி மேசை தெரியுமா?” தெரியாது. என் வேலையைப் பற்றி இந்த வீட்டில் ஒருவன் கேட்கிறானே என்ற பூரிப்பில் கூடத்தின் வரைபடத்தையே போட்டுக் கொடுத்தேன். என் விரலாலேயே என் கண்ணைக் குத்திக்கொண்டேன்.

முதல் எட்டுப் பக்கங்கள் கையில் கிடைத்தன. கொலைகாரனின் முகம் நிழலில். வெள்ளைக் கோட்டு, ரப்பர் கையுறை, அகன்ற முதுகு. வேறு யார்?

மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “உங்கள வெச்சுக் கொலைகாரன் வரையணும்னா அவன் எவ்வளவு கஷ்டப்படணும்! ஒரு கரப்பான்பூச்சி வந்தா என்னைக் கூப்பிடுற ஆளு.”

மார்ச் 6, வெள்ளி

கண்ணாடியில் திரும்பி நின்று பார்த்தேன். முதுகு அகலம்தான்.

மார்ச் 14, சனி

அவனைக் கிழித்துத் தொங்கவிடும் கட்டுரை ஒன்று தயார். சோறு போட்ட வீட்டு மனிதனையே கொலைகாரனாக வரைந்த நன்றிகெட்டவன் என்பதில் தொடங்குகிறது. நடை நன்றாக வந்திருக்கிறது. இதழ் வரட்டும்.

மார்ச் 20, வெள்ளி

இதழ் வந்துவிட்டது. கறுப்பு அட்டை, நடுவில் ஒரு கண்ணாடிக் குப்பி.

கடைசிப் பக்கத்தில் முகம் வெளிச்சத்துக்கு வருகிறது. நான் இல்லை. எங்கள் தலைமை ஆய்வாளர்! எனக்கு ஒன்பது வருஷம் பிந்தி வந்து, எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்தவர். நாளெல்லாம் சீட்டியடித்துத் திரிவதால் நான் ‘சீட்டி’ என்று பெயர் வைத்தவர். தாடி வைத்து, தாடையைச் செதுக்கி, ராஜா மாதிரி வரைந்திருக்கிறான்; குவிந்த உதட்டில் அதே சீட்டி.

நான் பதினோராம் பக்கத்தில் இருக்கிறேன். தொட்டியில் குப்பி கழுவிக்கொண்டு, பின்னால் நடப்பதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பேசுகிறேன்... பேசிக்கொண்டே இருக்கிறேன். பேச்சுக் குமிழ் ஊதிப் பெருத்துப் பக்கத்தையே அடைக்கிறது. அதில் இருப்பதெல்லாம் நான் சாப்பாட்டு மேசையில் சொன்னவை, வார்த்தை பிசகாமல்: “படிப்பு எனக்கு, பதவி அவனுக்கு.” “சீட்டியடிக்கத் தெரிஞ்சா போதும்போல.” அந்தக் குமிழ் மறைக்கிற இடத்தில்தான் கொலைகாரன் நஞ்சை ஊற்றுகிறான். குமிழின் ஓரத்தில் அவன் முழங்கை மட்டும் தெரிகிறது.

கொலைகாரனாகக்கூட நான் லாயக்கில்லை.

மார்ச் 23, திங்கள்

கூடத்துக்கும் போய்விட்டது இதழ். எழுத்தர் வாங்கி வந்திருக்கிறார். சீட்டி என் மேசைக்கு முன்னால் நின்று பதினோராம் பக்கத்தை உரக்க வாசித்தார். குரலைக்கூட என்னைப் போல் மாற்றிக்கொண்டார். குப்பி கழுவும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தி என்ன, தோள் குலுங்கியது.

“அப்போ கொலைகாரன் நானா சார்? பரவாயில்லையே, ஹீரோ மாதிரி இருக்கேன்! உங்க மச்சான்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக் குடுங்க.” பிறகு தோளில் கை வைத்து, மெதுவாக, எல்லாருக்கும் கேட்கும்படி: “இவ்வளவு வருஷமா இதையா மனசுல வெச்சிருந்தீங்க? பாவம் சார் நீங்க.”

பாவமாம்! திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். இரக்கத்துக்கு என்ன பதில் சொல்வது? தலையாட்டினேன். ஐயோ, தலையாட்டினேனே.

மார்ச் 24, செவ்வாய்

மாடிக்குப் போய்க் கேட்டுவிட்டேன். என்னடா நினைச்சுக்கிட்டே, என் வீட்டு மேசையில உக்காந்து என் வாயையே திருடியிருக்கியே?

அவன் முகம் விழுந்துவிட்டது. “அத்தான், நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு நினைச்சேன். அவர நீங்க எவ்வளவு திட்டுவீங்க! அதான் கொலைகாரனாவே ஆக்கிட்டேன்.”

“நான்?”

“ரெண்டாவது இதழப் பாருங்க. குப்பி கழுவுற இவன் ஒரு நாள் பேச்ச நிறுத்துறான். திரும்பிப் பாக்குறான். இவன்தான் கொலைகாரனக் கண்டுபிடிக்கிறான், ஊரக் காப்பாத்துறான். தொடரே இவனோடதுதான் அத்தான். முதல்ல முட்டாளா தெரிஞ்சாதானே அப்புறம் சுவாரசியம்?”

பென்சில் கோட்டில் இருந்ததைக் காட்டினான். நான்தான். நிமிர்ந்து நிற்கிறேன். முகத்தில் ஒரு வெளிச்சம். இதுவரை யாரும் என்னை இப்படிப் பார்த்ததில்லை.

கீழே வந்துவிட்டேன்.

மார்ச் 26, வியாழன்

இதழ் நன்றாக ஓடுகிறதாம். இன்னும் ஒரு வாரத்தில் இரண்டாவதற்கு ஒப்பந்தம் போடப்போகிறார்களாம். மனைவி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே துணி மடிக்கிறாள். கூடத்தில் எனக்குப் புதுப் பெயர்: குமிழ். எழுத்தர் இன்று தவறி என் முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்.

மார்ச் 29, ஞாயிறு

பழைய கட்டுரையைக் கிழித்துப் போட்டேன். புதிதாக எழுதியதில் வசை இல்லை. சிறியது.

“‘சொட்டு’ வெறும் கதை என்று நம்பாதீர்கள். நான் அந்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவன். தலைமை ஆய்வாளர் பரிசோதனை முடிவுகளைத் திருத்துகிறார், வரைந்தவருக்கும் அது தெரியும். நீங்கள் குடிக்கும் தண்ணீரை நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள்.” அவ்வளவுதான். முடிவுகளை அவர் திருத்தியதில்லை. அது மட்டும்தான் பொய். மேசை இருக்கும் இடம், குப்பி அடுக்கு, கையுறையின் நிறம், சீட்டி எல்லாம் மெய். இத்தனை மெய் சேர்ந்து ஒரு பொய்யைத் தூக்க முடியாதா?

சீட்டி விளையாட்டாக எடுத்துக்கொண்டார். குழந்தைக்குத் தண்ணீர் புகட்டும் பெண் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டாள். விசாரணை வரும். பதிப்பாளர் அன்றே கைகழுவுவார். இரண்டாம் இதழ் வராது.

அதில் நான் நல்லவன். தெரியும். ஆனால் முதல் இதழைத்தான் எல்லாரும் படித்துவிட்டார்களே.

“அத்தானையும் கூப்பிடுக்கா, சாப்பிடலாம்” என்கிறான் உள்ளே. “அவரு ஏதோ எழுதுறாரு, விடு” என்கிறாள் அவள்.

என் பெயரைப் போட்டால் ஒருவனுடைய வயிற்றெரிச்சல் ஆகிவிடும். பெயரில்லாமல் இருந்தால் ஊருடைய பயம் ஆகும். போடாமல்தான் இணையத்தில் பதிவிடுகிறேன்.