சிவப்பு பாஸ்பரசும் இஞ்சி உரலும்

அன்பு மதினிக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. சாத்தூரில் வெயிலும் குறையவில்லை, அண்ணனுக்குக் கோபமும் குறையவில்லை. நான் நன்றாக இருக்கிறேன். அது உங்களால்தான் என்று நாலு பேர் அறியச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் ஒன்பதாம் வகுப்பில், ஒரே தனிமம் பல வடிவங்களில் இருப்பதைப் பற்றிய பாடம். பென்சில் முனையும் வைரமும் ஒரே கார்பன் என்றதும் பிள்ளைகள் வழக்கம்போல நம்பவில்லை. அடுத்து பாஸ்பரஸ். வெள்ளை பாஸ்பரஸ் காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும், தண்ணீருக்குள்தான் வைக்க வேண்டும் என்றேன். சிவப்பு ஒன்றும் செய்யாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் நினைவிருக்கிறதா மதினி? தீப்பெட்டிக் கம்பெனியில் பெட்டி ஓரத்துக்கு மருந்து பூசுவது உங்கள் வேலை. அதில் சிவப்பு பாஸ்பரஸ் இருக்கிறது என்பது எனக்குப் புத்தகத்தில் படித்த அறிவு. வகுப்பில் காட்டலாமென்று நான் பெட்டி ஓரங்களைச் சுரண்டி, செத்துப்போன அம்மா விட்டுச்சென்ற இஞ்சி உரலில் போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். குச்சித் தலைகளையும் கிள்ளி அதிலேயே போட்டுக் குழவியைத் தூக்கினேன்.

"ஏலே, கையை எடுலே!"

"வாங்க சார், சாப்பிட்டீகளா" என்று என்னைக் கேலி செய்தே பழகியவர் நீங்கள். அந்தச் சத்தத்தில் என் கை அப்படியே நின்றுவிட்டது. மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டு, உரல் நிறையத் தண்ணீர் ஊற்றினீர்கள்.

"செவப்பு ஒண்ணும் செய்யாதுன்னுதான் மதினி..."

"தனியா இருந்தா செய்யாது. தலை மருந்தோட சேத்து இடிச்சா வெடிக்கும்லே! ஓரம் பூசுற நாங்க தலை மருந்து ரூம்புக்குள்ள காலே வைக்க மாட்டோம். அம்புட்டுப் பயம். நீரு உரல்ல போட்டு இடிக்கீரு!"

அந்த உரலில் இனி எதையும் இடிக்கக் கூடாதென்று கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தீர்கள். அண்ணன் கேட்டபோது, "கை தவறி ஒடஞ்சு போச்சு" என்றீர்கள். அம்மாவின் உரலாயிற்றே, அவர் ஆடித் தீர்த்தார். ஒரு மாதம் உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தேன். வாத்தியார் மானம் போய்விடக் கூடாதென்றா அப்படிச் செய்தீர்கள்? கடைசிவரை நான் கேட்கவே இல்லை.

போன வாரம் வகுப்பில் இதையெல்லாம் சொல்லிவிட்டேன். "எங்கம்மாவும் ஓர மருந்துதான் சார். குளிச்சுட்டுத்தான் எங்களத் தொடுவாக" என்றாள் ஒரு பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடமும் போய்ச் சொன்னேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். "இத அவ இருக்கையில வந்து சொல்லியிருக்கக் கூடாதாலே" என்றார். பிறகு உங்கள் படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தவர், சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை.

வருஷம் தவறாமல் இந்தப் பாடம் வரும், மதினி. செல்லத்தாய் என்ற உங்கள் பெயரையும் என் தப்பையும் சொல்லாமல் இனி அதை நடத்த மாட்டேன்.

இரண்டு கையும் கூப்பி,
உங்கள் கொழுந்தன்
ஜெயராஜ்