வழுக்காத பூட்ஸ்

திருப்பூர்,
சுபகிருது வருடம், மாசி 14

முருகன் துணை

டிரில் மாஸ்டர் கன்னையன் அவர்களுக்கு, பழனாயி எழுதுவது. சென்னியப்பனின் அம்மாயி என்றால் சட்டென்று ஞாபகம் வரும். பொன்மலையில் உங்கள் அக்காள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கச் சென்னிமலையான் காக்கட்டும். விலாசம் பள்ளிக்கூடத்துப் பியூனிடம் வாங்கினேன். இது என் கையால் எழுதினது. அந்தக் காலத்திலேயே அஞ்சாங் கிளாஸ் பாஸ் பண்ணினவள் நான். எழுத்து கோணலாக இருந்தால் கண் பார்வையைத்தான் சொல்ல வேண்டும், படிப்பைச் சொல்லக் கூடாது.

நீங்கள் போன பிறகு கால்பந்து மைதானம் பார்க்கச் சகிக்கவில்லை. அரிசி இறைத்த இடத்தில் கோழிக்குஞ்சு மாதிரி அத்தனை பேரும் ஒரே பந்துக்கு ஓடுகிறார்கள். தடுத்து நிற்க ஒருத்தன் இல்லை. பையன்களில் சின்னவன் கந்தவேல் மட்டும் நீங்கள் சொன்னபடி இரண்டு கையிலும் பனியன் வேஸ்ட் துணியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். மற்றவன் சட்டையைப் பிடித்து இழுக்கிற கை, துணியைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கட்டும் என்று நீங்கள் கண்டுபிடித்த வித்தை அது. அந்தத் துணியெல்லாம் என் மூட்டையில் இருந்து போனதுதான்.

சுவரோரம் உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டே உங்கள் பாடத்தை நானும் கேட்டிருக்கிறேன். பந்தோடு வருகிறவன் மேல் பாயக் கூடாது. ஒரு கை தூரம் விட்டு, முட்டி மடக்கி, ஒருச்சாய்த்து நிற்க வேண்டும். அவன் நகர நகரச் சின்ன அடியாகப் பின்னால் போக வேண்டும். பந்து அவன் காலை விட்டு விலகுகிற நேரத்தில்தான் காலை நீட்ட வேண்டும். ஒரு நாள் நான் பொறுக்க மாட்டாமல், பாய்ஞ்சு புடுங்கடா பயலே என்று கத்திவிட்டேன். நீங்கள் திரும்பிப் பார்த்து, ஏனுங்கம்மா, நீங்க வேணும்னா உள்ள வந்து பாய்ஞ்சு காட்டுங்க என்றீர்கள். பையன்கள் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

ஐப்பசி மழையில் நடந்த மேட்சில் சென்னி ஈரத்தில் வழுக்கி விழுந்தான். அதற்குப் பையன்கள் சிரித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிசிறு வெட்டுகிற இடத்தில் வேலாத்தாள், உம்பட பேரன் ஆடுனானா, உருண்டானா அக்கா என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுவாரம் கோயமுத்தூர்ப் பையன்கள் பூட்ஸ் போட்டு வருவார்கள் என்று கேள்விப்பட்டேன். என் பேரன் மட்டும் வெறுங்காலோடு நிற்பதா? பழைய பூட்ஸ் ஒன்று வாங்கி, வழுக்காமல் இருக்க அடியில் தோல் துண்டு வைத்து அடிக்கக் கொடுத்தேன். செருப்புத் தைக்கிறவர் இத்தனை கனம் போதுங்க அம்மா என்றார். நான்தான் கேட்கவில்லை. இன்னும் இரண்டு தோல் வையுங்க, மண்ணை நல்லாப் புடிக்கோணும் என்று பக்கத்திலேயே நின்று ஆணி அடிக்க வைத்தேன்.

சென்னி வேண்டாம் என்றான். வெறுங்காலில்தான் சட்டென்று திரும்ப முடிகிறது, மாஸ்டரும் பூட்ஸ் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார் என்றான். என் தலைமேல் அவன் கையை எடுத்து வைத்து, போட்டுக்கொள்வேன், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். உங்களுக்குத் தெரியாமல் விசில் ஊதுகிற நேரத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

மேட்சில் அவன் நின்றது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நீங்கள் சொல்லிக் கொடுத்ததில் ஒன்றுகூடத் தப்பவில்லை. பாயவில்லை. ஒருச்சாய்த்துத்தான் நின்றான். எதிராளி இடப்பக்கம் போகிற மாதிரி காட்டி வலப்பக்கம் வெட்டினான். சென்னியின் உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. பூட்ஸ் மண்ணை நல்லாப் பிடித்துக்கொண்டது. நான் கேட்டபடியே.

அதற்குப் பிறகு நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சோமனூரில் தறி ஓட்டுகிற என் மருமகன் நாச்சிமுத்து, சென்னியின் அப்பன், அன்றைக்கு மேட்ச் பார்க்க வந்திருந்தான். எவன்டா இந்தப் பூட்ஸைப் போடச் சொன்னது, அவன் காலையும் முறிக்கிறேன் என்று வந்தான். சத்தியத்துக்குப் பயந்து சென்னி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நீங்கள் ஒரு தடவை அவன் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். நடுவில் வந்து நின்று, நாந்தானுங்க போடச் சொன்னேன் என்றீர்கள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அழுதேனே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்கள் வேலை போனபோதும் சொல்லவில்லை.

சென்னிக்கு முழங்கால் பாதிக்கு மேல் மடங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தையில், பூசத்துக்கு மறுநாள், மருமகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என் வீட்டில் இருந்து படித்த பையனைத் தூக்கிக்கொண்டு சோமனூர் போய்விட்டான். பார்க்கப் போனேன். என் மகள் மருதாள் கதவுக்கு வெளியிலேயே நின்று, அவரு ஊட்டுல இருக்கிறாரு, இன்னிக்கு வேண்டாம் போ ஆத்தா என்றாள். உள்ளே சென்னி அம்மாயி என்று கூப்பிட்டது கேட்டது. கொண்டு போன முறுக்கைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பெரிய வாத்தியாரையும் போய்ப் பார்த்தேன். நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டினார். வயசான அம்மா இரக்கப்பட்டுப் பொய் சொல்றீங்க என்று மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். என் பேச்சு அங்கே எடுபடாது. அந்தக் காகிதம் பொய் என்று நீங்களே எழுதினால், பங்குனிக்குள் கமிட்டியில் வைத்துத் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். அதற்குள் வேறு ஆள் போடவில்லையாம். நடந்ததை எல்லாம் எழுதி நான் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். பூட்ஸ் என்னிடம்தான் இருக்கிறது, கேட்டால் கொண்டுபோய் வைக்கிறேன்.

மாஸ்டர், நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கிழவி இருக்கிற நாளுக்கு அவமானம் எதற்கு என்று பேசாமல் இருந்துவிடுவீர்கள். அப்படிச் செய்ய வேண்டாம். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், வேலாத்தாள் முதலில் சிரிக்கட்டும். கந்தவேல் தினமும் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அடுத்தது என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குச் சொல்ல ஆள் இல்லை.

என் மகன் வயசு உங்களுக்கு. நல்லா இருப்பீங்க கண்ணு. ஒரே ஒரு உதவி செய்யுங்கள். இந்தத் தடவை எனக்கு முன்னால் வந்து நிற்காதீர்கள். விலகிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பழனாயி